சாய்வு

தினமும் காலை ஒன்பதரைக்கு
இந்த நாற்காலியின் மடியில்
ஒரு பைன் காயை வைப்பது என் வேலை.
'உட்காராதீர்' என்று எழுதி வைத்தால்
படித்துக்கொண்டே உட்காருகிறார்கள்.
பைன் காய்க்கு மொழி தேவையில்லை.
நடுவில் இருக்கும் கிளியை மறைக்காமல்
முன்னால், இடது மூலையில் வைப்பேன்.

பீச்வொர்த்தில், தங்கம் தீர்ந்த பிறகும்
தீராமல் நிற்கிற வீடுகளில் ஒன்று
பென்ஹாலிகன் இல்லம்.
ஆறு அறை.
ஒரு பியானோ, அதில் பதினொரு கட்டை ஊமை.
கூடத்தில் இவள்:
வால்நட் கால்கள், குதிரைமுடி அடைத்த வயிறு,
கட்டம் எண்ணிக் கட்டம் எண்ணிக்
கம்பளி நூலில் தைத்த ரோஜாக்கள்.
கிளி என்று அட்டை சொல்வதால்தான் கிளி;
நூற்றைம்பது கோடை ஜன்னல் வழியே வந்து
அதைப் புறாவாக்கிவிட்டிருந்தது.

'திருமதி அகஸ்டா பென்ஹாலிகன்
தம் கையால் தைத்தது'
என்றும் அட்டை சொல்கிறது.

ஜூலையில், குளிருக்கு வீட்டை மூடிய பதினைந்து நாளில்
பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்க
இருக்கைத் துணியைக் கழற்றினோம்.
நூற்று நாற்பத்திரண்டு ஆணி.
ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி
முட்டை அட்டைக் குழிகளில் போட்டோம்.
பிறகு துணியைத் திருப்பினேன்.

கிளி பச்சை.
இப்போதுதான் நனைந்ததுபோல் பச்சை.
ரோஜாக்கள், வெற்றிலை போட்ட வாய்.
லொரேட்டா கைவிளக்கைக் கீழே வைத்துவிட்டு
சும்மா நின்றாள் கொஞ்ச நேரம்.

நான் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மற்ற இடமெல்லாம் ஒரே காற்றில் சாய்ந்த பயிர்.
அங்கே மட்டும், ஒரு சாண் அகலம்,
எதிர்க்காற்று.

எனக்கு அந்தச் சாய்வு தெரியும்.
கரூரில், நாலாம் வகுப்புத் தையல் பீரியடில்
ரோசலின் டீச்சர் என் கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்து
'நொட்டாங்கைத் தையலைப் பாருங்கடி' என்று
வகுப்பு முழுக்கக் காட்டிய சாய்வு.
சாப்பிட, கொடுக்க, வாங்க, எழுத
எல்லாவற்றையும் சோத்தாங்கைக்கு மாற்றிவிட்டார்கள்.
ஊசி மட்டும் மாறவில்லை.

அகஸ்டாவின் கடிதங்கள் இருபத்துமூன்று
எங்கள் பீரோவில் இருக்கின்றன.
சோத்தாங்கை எழுத்து, மழுப்பவே முடியாது.
கூடவே ஒரு கணக்குப் புத்தகம், 1867:
'பெண்ணுக்குச் சம்பளம், பத்து ஷில்லிங்.
உடைத்த ஊசிக்குக் கழித்தது, இரண்டு பென்ஸ்.'
அடுத்த மாதமும் 'பெண்ணுக்கு'.
அதற்கடுத்த மாதமும்.
லாடம் அடித்த செலவு வரும் வரியில்
குதிரையின் பெயர் ட்யூக்.

லொரேட்டா கண்ணாடியைக் கழற்றி,
துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தாள்.
'இருக்கலாம்' என்றாள்.
'அகஸ்டாவே துணியைக் கால்வட்டம் திருப்பி
மடியில் வைத்துத் தைத்திருக்கலாம்.
அப்போதும் இப்படித்தான் சாயும்.'

அதுவும் சரிதான்.
அன்றிரவு வீட்டில் ஒரு பழைய தலையணை உறையில்
திருப்பி வைத்துத் தைத்துப் பார்த்தேன்.
சாய்ந்தது.
ஆனால் ஊசி ஒன்றும் உடையவில்லை.

அட்டை மாறவில்லை.
'இருக்கலாம்' என்று அட்டையில் எழுதும் வழக்கம் இல்லை.
ஒன்றிலிருந்து நூற்று நாற்பத்திரண்டு வரை
ஆணிகளை அதனதன் துளையிலேயே அடித்தோம்.
பச்சை மறுபடி குதிரைமுடியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டது.
அந்த மூலையை இப்போது
மேலிருந்து பார்த்தாலே தெரிகிறது,
அதாவது எனக்கு.
நாலு வருஷம் அதன் மேல்தான்
காயை வைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் காய் கிளியின் மேல்.

நேற்று பெண்டிகோவிலிருந்து வந்த ஒருவர்
'பறவை தெரியவில்லையே' என்று கயிற்றைத் தாண்டிக் கை நீட்டி,
காயை எடுத்து
மூலையில் வைத்தார்.
உதவி செய்த திருப்தியோடு என்னைப் பார்த்தார்.
நன்றி என்றேன்.
அவர் படியிறங்கும்வரை காத்திருந்தேன்.